இரைச்சல் அடங்கும் திசை

அந்தச் சனிக்கிழமை ஐந்தாவது பாட்டின் நடுவில் என் கிடார் செத்துப்போனது. முதலில் ஒரு கரகரப்பு, பிறகு ஒரு 'டொக்', அதோடு சரி. அக்கா விடாமல் பாடிக்கொண்டிருந்தாள். எதிரே நாற்பது பேர் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். துணைக்கு ஒரு சத்தமும் இல்லாமல் தனிக்குரலில் அந்தப் பாட்டை ஒரு சொல் பிசகாமல் முடித்துவிட்டு, மைக்கில் "இது நாங்க வேணும்னே செஞ்சது" என்றாள். நாற்பது பேரும் கரண்டியைக் கீழே வைத்துக் கை தட்டினார்கள். நான் சுவரைப் பார்த்தபடி ஒயரை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

சுவரைப் பார்த்தபடி என்றா சொன்னேன்? ஆமாம். அந்த ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், சனிக்கிழமை மதியங்களில், நானும் அக்காவும் பதினான்கு வருடமாக வாசித்துப் பாடிவருகிறோம். அதில் கடைசிப் பதினோரு வருடம் நான் அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வாசித்திருக்கிறேன். எனக்கு எதிரே ஒரு சுவர்க்கடிகாரம் இருக்கும். அதை எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

இதற்குக் காரணம் உண்டு. என் கிடாரில் இருப்பது ஒரே ஒரு சிங்கிள் காயில் பிக்கப். பிக்கப் என்றால் கம்பிகளுக்கு அடியில், பாதி சோப்புக் கட்டி அளவில் இருக்கிற சமாச்சாரம். உள்ளே ஆறு குட்டிக் காந்தங்கள். அவற்றைச் சுற்றி, முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று; அந்தச் சுருள்தான் காயில். கிடார் கம்பி அதிர்வதைக் கேட்டு ஸ்பீக்கருக்குச் சொல்வது அதன் வேலை. ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம். சுவருக்குள் ஓடும் கரண்ட், தலைக்கு மேல் இருக்கும் விளக்கு, சமையலறை பிரிட்ஜ் என்று எல்லாவற்றின் பேச்சையும் ஒட்டுக்கேட்டு 'ம்ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருக்கும். அந்த முனகலை அடக்க ஒரு வழிதான். கிடாரோடு உடம்பைத் திருப்ப வேண்டும். திருப்பத் திருப்பக் குறைந்துகொண்டே வந்து, ஒரு கோணத்தில் சொல்லிவைத்தாற்போல் அடங்கிவிடும். எங்கள் கூடத்தில் அந்தக் கோணம், கடிகாரம்.

வண்டியில் சாமான்களை ஏற்றும்போது அக்கா சொன்னாள். "எப்படியும் புது பிக்கப் மாட்டப்போற. என்னைப் பாத்து வாசிக்கிற மாதிரி ஒண்ணு மாட்டு."

"அப்படியெல்லாம் கடையில கேட்டு வாங்க முடியாதுக்கா."

"எப்படி வாங்குவியோ தெரியாது. இன்னைக்குக் கிடார் நின்னதும் திரும்பிப் பாத்தேன். உன் முதுகுதான் தெரிஞ்சுது. கம்பி அறுந்துச்சா, கரண்ட் போச்சா, உனக்கு நெஞ்சு வலியா, ஒண்ணுமே தெரியல. நீ கீழ விழுந்தாக்கூட எனக்குக் கடைசியிலதான் தெரியும்போல." அவள் கோபமாகப் பேசவில்லை. அக்கா பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறவள். வலியோடு வந்து கத்துகிறவர்களிடம்கூட ஒரே குரலில்தான் பேசுவாள். அதே குரலில் முடித்தாள்: "எனக்கும் அம்பத்தி ரெண்டாச்சு. முதுகைப் பாத்துப் பாடினது போதும். உன்னால முடியலன்னா இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம். சண்டையெல்லாம் இல்ல."

சண்டை இல்லை என்று அக்கா சொன்னால் முடிவு பண்ணிவிட்டாள் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. சனிக்கிழமை இரண்டரை மணி நேரம்தான் என் வாழ்க்கை. அக்கா குரல் இல்லாமல் நான் தனியாக வாசித்தால் சூப் குடிப்பவர்கள் சூப்பைத்தான் கவனிப்பார்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் நான் என்ன செய்தேன்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் வந்தேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் வைண்டிங் கடைக்குப் போனேன். மோட்டார், மின்விசிறி, மிக்சி எல்லாவற்றுக்கும் காயில் சுற்றித்தரும் கடை. கடைக்காரத் தம்பி என்னைவிடப் பத்து வயது சின்னவர். பாட்டுக் கேட்கிற பழக்கமே கிடையாது. மோட்டார் ஓடுகிற சத்தம் போதும் என்பார். ஒருமுறை என் கிடாரில் ஒயர் ஒட்டப் போனபோது பிக்கப்பைப் பார்த்து, "இது நம்ம சாமான்தானே டீச்சர்" என்று சொன்னவர். அதிலிருந்து கிடாருக்கு என்ன வந்தாலும் அவரிடம்தான்.

மீட்டரின் இரண்டு முனைகளையும் பிக்கப்பில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உள்ள எங்கேயோ அறுந்திருக்கு. பிரிச்சா மொத்தமும் பிரியும். புதுசாவே சுத்திடலாம். எப்படி வேணும்?"

"எப்படின்னா?"

"குறைவா சுத்தலாம், நிறைய சுத்தலாம். காந்தம் வலுவாப் போடலாம், லேசாப் போடலாம். ரெண்டு காயில ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, மேல உள்ளது வாங்குற இரைச்சலக் கீழ உள்ளது எதிர்ப்பக்கமா வாங்கி அழிச்சிடுற மாதிரியும் செய்யலாம். அதுல 'ம்ம்'ங்குற பேச்சே இருக்காது."

கடைசியாகச் சொன்னது என் காதில் விழுந்ததும் அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. "மூணையும் சுத்துங்க தம்பி. வாசிச்சுப் பாத்துட்டு எடுத்துக்குறேன்" என்றேன். அவர் சிரித்தார். மின்விசிறிக்கு மூன்று காயில் சுற்றச் சொல்லி, காற்று வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்கிற வாடிக்கையாளரை அவர் அதுவரை பார்த்ததில்லையாம்.

வியாழக்கிழமை மூன்றும் தயார். பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி, பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். ஒன்று, குறைவாகச் சுற்றி லேசான காந்தம் போட்டது. இரண்டு, நிறையச் சுற்றி வலுவான காந்தம் போட்டது. மூன்று, அடுக்குக் காயில். ஒவ்வொன்றையும் மாட்ட, கம்பிகளைத் தளர்த்தி, தட்டைத் திறந்து, ஒயரை ஒட்டாமல் கிளிப்பில் கவ்வவைத்து, மறுபடி சுருதி சேர்த்து எடுக்கப் பத்து நிமிடம் பிடித்தது. கடையின் மூலையில் சுழலும் முக்காலி ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்து, ஒரே மெட்டை ஒவ்வொன்றிலும் வாசித்தேன்.

முதலில் மாட்டியது ஒன்றாம் நம்பர். நன்றாகத்தான் இருந்தது. அடுத்து இரண்டு. ஒரே ஒரு தட்டுத் தட்டியதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கம்பீரம் என்றால் அப்படி ஒரு கம்பீரம். "இதுதான் தம்பி! கண்ணை மூடிக்கிட்டு இதையே மாட்டுங்க" என்றேன்.

தம்பி ஒரு திருப்புளியோடு வந்தார். பிக்கப்பின் இரண்டு ஓரத்திலும் இருந்த திருகுகளைச் சுற்றி அதைக் கீழே இறக்கினார். ஒன்றாம் நம்பர் எத்தனை சத்தம் கொடுத்ததோ, மீட்டரில் அதே அளவு வரும்வரை இறக்கிவிட்டு, "இப்ப வாசிங்க" என்றார். வாசித்தேன். கம்பீரம் போன இடம் தெரியவில்லை. ஜலதோஷம் பிடித்தவர் பேசுகிற மாதிரி மூக்கடைத்த ஒரு சத்தம்.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. அது ஜாஸ்தி சத்தமா இருந்துச்சு, அவ்வளவுதான். சத்தமா இருக்கிறது எல்லாமே நல்லாருக்கிற மாதிரிதான் தோணும். பம்பு வாங்க வர்றவங்களும் இப்படித்தான், எது ஜாஸ்தி உறுமுதோ அதுல தண்ணி நிறைய வரும்னு நெனைப்பாங்க."

முப்பது வருடமாகக் கிடார் வாசிக்கிறவள், பாட்டே கேட்காத மனிதரிடம் இப்படி மூக்குடைபட்டேன். சரி என்று மூன்றையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். இந்தத் தடவை ஒன்றாம் நம்பர் பேசியது. விரல் நகம் கம்பியில் உரசுவது, சதை அழுந்துவது, விட்டதும் கம்பி திரும்பி வந்து நிற்பது, எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. முனகலும் கேட்டது. முக்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினேன், அடங்கியது. எத்தனையோ வருடமாகத் தேடிய சத்தம் பிஸ்கட் டப்பாவில் இருந்திருக்கிறது. கண்ணில் நீர் தளும்பியது, பொய் சொல்லவில்லை.

மூன்றாம் நம்பரில் முனகல் இல்லை. சுத்தம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நிசப்தம். வாசித்தால், போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. பிழை சொல்ல முடியாது, ஆசைப்படவும் முடியாது.

அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். மூன்றாம் நம்பரையே மாட்டிக்கொள்வது. ஆனால் சும்மா இல்லை. அக்காவைக் கடைக்குக் கூட்டிவந்து, மூன்றையும் கேட்கவைத்து, உனக்காக நான் எதை விட்டுக்கொடுக்கிறேன் பார் என்று அவளுக்குப் புரியவைத்துவிட்டு மாட்டிக்கொள்வது. தியாகம் செய்தால் அதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா? என் புத்தி அப்படி. அதை நினைத்து இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அக்கா நேராக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். கடை வாசலில் நின்று சுற்றிலும் பார்த்தாள். கழற்றிப்போட்ட மோட்டார்கள், கம்பிச் சுருள்கள், வார்னிஷ் வாசனை. உட்கார ஒரு பெஞ்சு காட்டினார் தம்பி. அதிலிருந்த மின்விசிறி இறக்கையை நகர்த்திவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறவள் போல் உட்கார்ந்தாள்.

"கண்ணை மூடிக்கோ. மூணு தடவ வாசிப்பேன். எது பிடிச்சிருக்குன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"மயக்க ஊசி ஏதும் போடுவீங்களா?" என்று தம்பியிடம் கேட்டாள். அவர் பெரிதாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தியாக மனநிலையில் இருந்தேன்.

மூன்றாம் நம்பரை முதலில் மாட்டச் சொன்னேன். அக்காவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து வாசித்தேன். அவள் கண் மூடியிருந்ததால் முகத்தைப் பார்ப்பதில் சங்கடம் இல்லை. அடுத்து இரண்டு. கடைசியாக ஒன்று. ஒன்று மாட்டியதும் முனகல் வந்தது. பழக்கதோஷம், யோசிக்காமலே முக்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "கடைசியா வாசிச்சது" என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மத்த ரெண்டுலயும் கிடார் கேக்குது. இதுல நீ கேக்குற. அம்மா வீட்டுல கதவச் சாத்திக்கிட்டு வாசிப்பியே, கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேப்பேன். அப்படி இருக்கு."

கதவுக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தது எனக்கு அதுவரை தெரியாது. ஆனால் அதையெல்லாம் நினைத்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்துவிட்டது. வாயெல்லாம் பல்லாக முக்காலியில் இருந்தபடியே தலையை மட்டும் திருப்பிச் சொன்னேன்: "பாத்தியா? நீயே எடுத்த. இதுல இரைச்சல் வரும். இதை மாட்டினா நான் திரும்பித்தான் உக்காரணும். முகம் வேணுமா, சத்தம் வேணுமா, நீயே முடிவு பண்ணு."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே கீழே பார்த்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்தது. ஜெயித்த சந்தோஷம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

தம்பி அந்த நேரம் ஒரு பம்பு மோட்டாரின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "எதுக்கு டீச்சர் ஜன்னலப் பாத்தே உக்காந்திருக்கீங்க?"

"இந்தப் பக்கம்தானே தம்பி அடங்குது."

"அந்தப் பக்கமும் அடங்குமே."

"எந்தப் பக்கம்?"

அவர் திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு எழுந்து வந்தார். முக்காலியின் விளிம்பைப் பிடித்து, என்னையும் கிடாரையும் சேர்த்து மெதுவாகச் சுற்றினார். முனகல் ஏறியது, உச்சத்துக்குப் போனது, பிறகு குறையத் தொடங்கியது. நான் சரியாக அரை வட்டம் வந்து நின்றபோது முற்றிலும் அடங்கிவிட்டது. என் எதிரே பெஞ்சில் அக்கா இருந்தாள்.

தம்பி திருப்புளியை வாயிலிருந்து எடுத்தார். "காயிலுக்கு முன்னும் பின்னும் கிடையாது. ஒரு பக்கம் அடங்கினா அதுக்கு நேரெதிர்ப் பக்கமும் அடங்கும். உங்களுக்குத் தெரியாததா டீச்சர்? நீங்கதானே பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிக்குடுக்குறீங்க."

ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டாம் வகுப்பு, காந்தப்புலம். கரும்பலகையில் படம் போட்டு, அம்புக்குறி இட்டு, வருடா வருடம்.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, அக்காவின் திறந்த கண்களைப் பார்த்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள். "அந்தக் கடிகாரத்துக்கு நேரெதிர்ல நான்தானே நிப்பேன்?"

"ஆமா."

"அப்ப இத்தனை நாளும் என் பக்கம் பாத்தாலும் அடங்கியிருக்கும்."

தம்பிக்கு என்ன புரிந்ததோ, மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"எதுக்குடி?" என்றாள் அக்கா.

பூசி மெழுக இடமில்லை. கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகு உண்மையைச் சொல்வது அப்படி ஒன்றும் கஷ்டமாக இல்லை என்பதுதான் ஆச்சரியம். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூடியோவிலிருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். குழந்தைப் பாட்டுகள், எட்டுப் பாட்டு. கிடாருக்கு எங்களிடம் ஆள் இருக்கிறார், நீங்கள் மட்டும் வாருங்கள் என்றார்கள். அக்கா போனாள். பாடி முடித்து வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். 'அதனால என்னக்கா' என்று நான் சிரித்தேன். அடுத்த சனிக்கிழமை, அதுவரை சாப்பிடுகிறவர்களும் அக்காவும் தெரிகிற மாதிரி சாய்வாகப் போட்டிருந்த முக்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன். கோபத்தில்தான் திருப்பினேன். திருப்பியதும் இரைச்சல் அடங்கியது. 'ஏன் அந்தப் பக்கம் திரும்பிட்டே' என்று அவள் கேட்டபோது, இரைச்சல்மேல் பழியைப் போட்டேன். பிறகு அதை நானே நம்பிவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அன்னைக்கே ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்ல?"

"நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்" என்றாள் உடனே. "சொன்னா உன் முகம் வாடிடும், அதைப் பாத்தா என்னால போக முடியாது. எனக்குப் போகணும்னு இருந்துச்சு. அதான் சொல்லல. தப்புதான்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை. பதினோரு வருடமாக நான் தயார் செய்து வைத்திருந்த அத்தனை வசனங்களும் வீணாய்ப் போயின.

அக்கா எழுந்து சேலையைத் தட்டிச் சரிசெய்துகொண்டாள். "உனக்கு ஒண்ணு தெரியுமா? அந்த ஓட்டல் மேனேஜர் கேட்டிருக்கார், உங்க தங்கச்சி உங்ககூடப் பேசுறதில்லையான்னு. உங்க அத்தான் கேட்டிருக்கார். சாப்பிட வர்றவங்க எத்தனையோ பேர் கேட்டிருக்காங்க. எல்லார்கிட்டயும் நான் சொல்லுவேன், சேச்சே, அவளுக்கு அப்படியெல்லாம் மனசுல ஒண்ணும் கிடையாது, அது கரண்ட்டு சமாச்சாரம்னு. பிக்கப்னா என்ன, காயில்னா என்னன்னு ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் வேற சொல்லியிருக்கேன், நீ எனக்குச் சொன்ன மாதிரியே."

கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாசலில் தம்பியைத் தாண்டும்போது மட்டும் நின்று, "ஒண்ணாம் நம்பரையே மாட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வருவாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மூன்று தடவை போனை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

சனிக்கிழமை பதினொன்றரைக்கே ஓட்டலுக்குப் போய்விட்டேன். முக்காலியை அரை வட்டம் திருப்பிப் போட்டேன். ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்டேன்: நிசப்தம். எதிரே மைக் மட்டும் தனியாக நின்றது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அத்தான் வண்டி வந்தது. அக்கா இறங்கினாள். உள்ளே வந்து மைக்கைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டாள். வந்துவிட்டாளே, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

முதல் பாட்டு தர்மசங்கடம். இரண்டு பேருக்கும் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் அவள் காதுத் தோட்டைப் பார்த்தேன், அவள் என் கிடாரைப் பார்த்தாள். இரண்டாவது பாட்டு முடியும் இடத்தில் நான் தலையை ஆட்டினேன். அவளும் அதே நேரம் ஆட்டினாள். வெட்டினாற்போல் ஒன்றாய் நிறுத்தினோம். அக்காவின் உதட்டோரம் லேசாய் அசைந்தது.

நான்காவது பாட்டு எங்கள் கூடத்தில் எல்லாரும் கேட்டு வாங்கும் பாட்டு. சரணத்தில் மேலே ஏறி ஓரிடத்தில் நீளமாய் நிற்க வேண்டும். அங்கே அக்காவின் குரலில் ஒரு நடுக்கம் வரும். அந்த நடுக்கம் என்றால் எனக்கு உயிர். இந்தச் சுருதியில் வைத்ததால்தானே இந்த உருக்கம் வருகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டிருக்கிறேன். எல்லாப் பாட்டுக்கும் சுருதி வைப்பது நான்தான்.

அந்த இடம் வந்தது. அக்கா மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குதிகால் தரையை விட்டு எழும்பியது. கழுத்து நரம்புகள் இரண்டும் புடைத்தன, முகம் சிவந்தது, கண்களை இறுக மூடிக்கொண்டாள். குரல் நடுங்கியது. அது உருக்கம் இல்லை. அவளுக்கு மூச்சு எட்டவில்லை.

சரணம் முடிந்து, இடையில் நான் மட்டும் வாசிக்கிற பகுதி வந்ததும் அக்கா மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். கூடத்தில் இருந்த யாரும் கவனிக்கவில்லை. அவ்வளவு பழக்கமாகச் செய்தாள். அடுத்த சரணத்துக்கு முன் நான் வாசிப்பை ஒரு நொடி நிறுத்தினேன். கிடாரின் கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றி, இரண்டு கட்டம் கீழே தள்ளி மாட்டினேன். சுருதி இறங்கியது. அக்கா திகைத்து என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் இறங்கிய சுருதியில் பாடினாள். குதிகால் தரையிலேயே இருந்தது. அந்த நீளமான இடத்தில் குரல் நடுங்கவில்லை.

கைதட்டலுக்கு நடுவே அவள் என் பக்கம் குனிந்தாள். "ஏன் எறக்கின?"

"உனக்கு மூச்சு முட்டுதுக்கா."

"அது எப்பவும் முட்டுறதுதான்."

"எத்தனை நாளா?"

"அஞ்சாறு வருஷம் இருக்கும்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"உனக்கு அந்தச் சுருதிதான் பிடிக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது பேர் எதிரில், கிடாரை அணைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி உட்கார்ந்திருந்தேன். 'மன்னிச்சிடுக்கா' என்று வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. கிளிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "அடுத்த பாட்டுக்கு எங்க வைக்கட்டும்?" என்று கேட்டேன். பதினான்கு வருடத்தில் அவளிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா யோசித்தாள். "இன்னும் ஒண்ணு எறக்கு" என்றாள்.